ஹைபிரிட் காடியும் நம் வீட்டுக் கணக்கும்

இம்முறை ஒரு தகப்பனாரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பாடாங் செராய் பக்கம் செம்பனைத் தோட்டமொன்றில் வேலை பார்ப்பவர். மகன் சுங்கைப்பட்டாணியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பிறை தொழிற்பேட்டைக்குத் தினமும் போய் வருகிறான். பன்னிரண்டு வருடம் ஓடிய ஹைபிரிட் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம். "எண்ணெய்ச் செலவு பாதியாகக் குறையும் அப்பா, முன்பணத்துக்கு உங்கள் சேமநிதி மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்துக் கொடுங்கள்" என்கிறான். "கொடுக்கலாமா சார்?" என்பது தகப்பனாரின் கேள்வி.

கேள்வி சின்னது, பதில் சின்னதாக இல்லை. காரின் கதையையும், அதற்கு அரசாங்கம் கொடுத்த சலுகையின் கதையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹைபிரிட் என்பது ஒரே காரில் இரண்டு மாடு பூட்டிய வண்டி. ஒன்று பெட்ரோல் இயந்திரம், மற்றது மின்சார மோட்டார். பிரேக்கை அழுத்தும்போது சாதாரணக் காரில் வேகமெல்லாம் வெறும் சூடாகி வீணாகும். ஹைபிரிட்டில் அந்த நேரம் மோட்டாரே மின்சாரம் தயாரிக்கும் இயந்திரமாக மாறி, பெட்டரியில் சேமித்து வைக்கிறது. சிவப்பு விளக்கில் நின்றால் இயந்திரம் அணைந்துவிடும். ஆகவே நின்று நின்று போகும் பட்டணத்துச் சாலையில்தான் அதன் சாமர்த்தியம் தெரியும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால் லாபம் குறைந்துவிடுகிறது. பிள்ளைகள் விளம்பரத்தில் பார்ப்பது பட்டணத்துக் கணக்கு. சுங்கைப்பட்டாணியிலிருந்து பிறைக்குப் போகிறவன் ஓடுவதோ பெரும்பாலும் நெடுஞ்சாலை.

முதன்முதலில் இப்படிப்பட்ட காரைப் பெருமளவில் விற்றது டொயோட்டா. 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியுஸ் வெளிவந்தது. நம் நாட்டில் அது பேச்சுக்கு வந்ததற்கு வேறு காரணம் உண்டு. 2008 ஜூன் 5 நினைவிருக்கிறதா? ஒரே நாளில் பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்குத் தாவியது. அந்த வருடம் சிறிய காருக்கு 625 வெள்ளி, மோட்டார் சைக்கிளுக்கு 150 வெள்ளி என்று அரசாங்கம் கழிவுப் பணம் கொடுத்தது. அஞ்சலகங்களின் வாசலில் வரிசை பிடித்து நின்றோம். அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவித்த வரவு செலவுத் திட்டத்தில்தான் ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரி முழுவதும், கலால் வரியில் பாதியும் தள்ளுபடி வந்தது. 2011-இல் கலால் வரியும் முழுவதுமாகத் தள்ளுபடியாயிற்று. முழுக் காராக வெளிநாட்டிலிருந்து வருபவற்றுக்கு இந்தச் சலுகை 2013 முடிவு வரை நீடித்தது.

நம் நாட்டில் கலால் வரி நூற்றுக்கு 60-இலிருந்து 105 வரை போகும். அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஏறத்தாழ 175,000 வெள்ளிக்கு விற்ற பிரியுஸ் 2011-இல் 140,000-க்கு இறங்கியது. ஹோண்டா இன்சைட் 98,000-க்கு வந்தது. 2012-இல் பிரியுஸ் சி 97,000. ஜாஸ் ஹைபிரிட் ஏறத்தாழ 90,000. நம்மவர்களும் வாங்கினார்கள், ஆசிரியர்கள், தாதியர், அரசாங்க ஊழியர்கள். இன்று பழைய கார் கடைகளில் மலிவாக நிற்பவை பெரும்பாலும் அந்தக் காலத்து வண்டிகள்தான். தம்பி பார்த்து வைத்திருப்பதும் அந்த ரகமாகத்தான் இருக்கும்.

இந்தச் சலுகை சரியா தப்பா என்று சுங்கைப்பட்டாணிக் கடையொன்றில் இரண்டு பேர் வாதிட்டதை அண்மையில் கேட்டேன். ஒருவர் ஓய்வுபெற்ற பெரிய கிராணி. மற்றவர் கூலிம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர்.

"தம்பி, இலட்ச ரூபாய்க் காடி வாங்குகிறவனுக்கு எதற்கையா சலுகை? பால் மரம் வெட்டியவன் மோட்டாரில்தானே போகிறான்? அவனுக்கு யார் வரியைத் தள்ளிக் கொடுத்தார்கள்?" என்றார் கிராணி. இலட்ச வெள்ளியை 'இலட்ச ரூபாய்' என்பது அவர் பழக்கம். அவர் அப்பா காலத்துப் பேச்சு.

"ஐயா, காடியை மட்டும் பார்க்காதீர்கள். நம் கெடாவில் இனோகோம் தொழிற்சாலை கூலிமில்தானே இருக்கிறது? சலுகை இல்லை என்றால் அந்த வண்டிகளை இங்கே பூட்ட மாட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அங்கே வேலை!" என்றார் இளைஞர்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் எடை சமம் என்று நான் சொல்லமாட்டேன். கூலிமில் பூட்டிய பி.எம்.டபிள்யூ 330இ என்ற செருகு ஹைபிரிட் 2016-இல் 248,800 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. அதே 2016 ஜூலையிலிருந்து தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 வெள்ளி. அதாவது அந்தச் சம்பளக்காரன் தின்னாமல் உடுத்தாமல் இருபது வருடத்துக்கு மேல் சேர்த்தால்தான் அந்தக் கார். பூட்டுகிறவனுக்கு வேலை கிடைத்தது, உண்மை. ஓட்டுகிறவர் யார் என்பதும் உண்மை. வேலைக்காகத்தான் சலுகை என்றால், எத்தனை வேலை, என்ன சம்பளம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பதே முறை.

இனி அரசாங்கத்தின் இன்னொரு கையைப் பார்ப்போம். ஒரு கை ஹைபிரிட்டுக்கு வரியைத் தள்ளிக் கொடுத்தது. மறு கை பல காலமாகப் பெட்ரோல் விலையைத் தாங்கிப் பிடித்து வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 30-இல் பூடி 95 திட்டம் தொடங்கியபோது, மைகாட்டும் செல்லுபடியாகும் லைசென்சும் உள்ள குடிமகனுக்கு ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை. சலுகையில்லாத விலை அப்போது 2 வெள்ளி 60 காசு. வித்தியாசம் 61 காசு.

எண்ணெய் மலிவாக இருந்தால் எண்ணெய் மிச்சம் பிடிக்கும் காருக்கு மவுசு ஏது? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். சுங்கைப்பட்டாணியிலிருந்து பிறைக்கு ஒரு வழி 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 70. மாதம் 24 நாள் வேலை என்றால் 1,680 கிலோமீட்டர். சாதாரணக் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடினால் 120 லிட்டர் வேண்டும். ஹைபிரிட் 20 ஓடினால் 84 லிட்டர். மிச்சம் 36 லிட்டர். சலுகை விலையில் அது மாதம் 71 வெள்ளி 64 காசு. வருடத்துக்கு 860 வெள்ளி என்று வையுங்கள். "பாதியாகக் குறையும்" என்று மகன் சொன்னது இங்கே பத்தில் மூன்று பங்காகிவிட்டது.

புதிய ஹைபிரிட் அதே அளவுச் சாதாரணக் காரைவிட 20,000 வெள்ளி கூடுதல் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், அந்தக் கூடுதல் பணம் திரும்பி வர 23 வருடம் ஆகும். வங்கி வட்டியை நான் சேர்க்கவே இல்லை. அப்போதைய முழு விலைக்கு எண்ணெய் வாங்கினாலும் ஏறத்தாழ 18 வருடம்.

அரசாங்கத்தின் பக்கத்தையும் இதே பேனாவால் எழுதலாம். ஒரு ஹைபிரிட்டுக்கு 20,000 வெள்ளி வரியை விட்டுக்கொடுத்ததாக வைத்துக்கொண்டால், அந்தக் கார் மாதம் 36 லிட்டர் குறைத்து எரிப்பதால் அந்த 61 காசுக் கணக்கில் எண்ணெய்ச் சலுகையில் அரசாங்கத்துக்கு மிச்சமாவது 22 வெள்ளிகூட இல்லை. வருடத்துக்கு 264. அந்த 20,000-ஐ இப்படியே மீட்க எழுபத்தைந்து வருடம். புகை குறைவதும் நன்மைதானே என்று இளைஞர் குறுக்கிட்டார். ஆம், நன்மைதான். ஆனால் அந்த நன்மைக்கு நிறைய ஆள் ஏறும் பேருந்து ஒன்றைத் தோட்டத்து முச்சந்திவரை விட்டிருந்தால் எவ்வளவு புகை குறைந்திருக்கும் என்று கிராணி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை; என்னிடமும் இல்லை.

எண்ணெய்ச் சலுகையும் சமமாகப் போவதில்லை. தோட்டத்து மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 20 லிட்டர் போதும். திட்டம் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தது 12 வெள்ளி 20 காசு. 300 லிட்டரையும் எரித்த பெரிய காருக்குக் கிடைத்தது 183 வெள்ளி. அதிகம் எரிப்பவனுக்கு அதிகம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சுபாவம். வரம்பு வைத்தது நல்லது. வரம்பு இன்னும் இறுக்கமாக இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பெரோடுவாவுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கும் போலும். 2022-இல் அட்டிவா ஹைபிரிட்டைக் கொண்டு வந்தபோது அதை விற்கவில்லை. 300 வண்டிகளை மட்டும் மாதம் 500 வெள்ளி வாடகைக்கு ஐந்து வருடத்துக்கு விட்டது.

சரி, தகப்பனார் கேட்டது புதுக் காரைப் பற்றி அல்ல, பழைய காரைப் பற்றி. பழைய ஹைபிரிட்டில் விலை வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். சில சமயம் அதே வயதுச் சாதாரணக் காரைவிட மலிவாகவே கிடைக்கும். மலிவுக்குக் காரணம் பெட்டரி. ஹைபிரிட்டின் பெரிய பெட்டரி காலப்போக்கில் வலுவிழக்கும். நம் நாட்டு வெப்பம் அதற்கு ஆகாது. மாற்றுவதற்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். வருடம் 860 வெள்ளி மிச்சம் பிடிக்கும் கார் ஒரே ஒரு தடவை பெட்டரி கேட்டால், நான்கைந்து வருட மிச்சம் ஒரே மூச்சில் போய்விடும். பத்து வருடம் தாண்டிய வண்டியில் அந்த நாள் தூரத்தில் இருக்காது.

ஐயா, நீங்கள் கொடுக்கப் போகும் பணத்தையும் பாருங்கள். மூன்றாவது கணக்கு 2024 மே 11-இல் வந்தது. சேமநிதியில் புதிதாகச் சேருவதில் பத்தில் ஒரு பங்குதான் அதற்குப் போகும். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி பங்கும் உங்கள் பங்கும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி. அதில் மூன்றாவது கணக்குக்கு வருவது 40 வெள்ளி 80 காசு. 3,000 வெள்ளி எடுத்தால் அது உங்கள் ஆறு வருடத்துச் சேமிப்பு. மகனுக்கு எண்ணெயில் மிச்சமாகும் 71 வெள்ளியை மாதாமாதம் உங்களுக்குத் திருப்பித் தருவானா என்று முதலில் கேளுங்கள். தருவேன் என்றால் மூன்றரை வருடத்தில் கணக்கு நேராகிவிடும். அதுவரை பெட்டரி தாங்க வேண்டும், அவ்வளவுதான். முகம் சுளித்தால், பணத்தை அங்கேயே விட்டு வையுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், காரை விற்பவரின் பட்டறைக்கு அல்லாமல், ஹைபிரிட் பார்க்கத் தெரிந்த வேறொரு பட்டறைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். கணினிக் கருவி மாட்டிப் பெட்டரியின் ஒவ்வொரு பிரிவும் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பு பெட்டரி மாற்றியிருந்தால் புதிதா, பழசைப் பழுது பார்த்துப் போட்டதா என்று ரசீதைக் கேட்க வேண்டும். பல மாடல்களில் பின்னிருக்கைப் பக்கம் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பெட்டரியைக் குளிர்விக்கும் காற்று அது வழியாகத்தான் போகிறது. அதில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்மண் ஒட்டினால், அந்த வண்டி எந்தச் சாலையில் ஓடியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.