இஞ்சினின் வயதும் ருஜுவின் பாரமும்

ஒரு பிரஜை தன் வீட்டுக் கொட்டகையிலேயே மோட்டார் வண்டி ஒன்றைக் கூட்டி முடித்து, அதைச் சர்க்காரின் பரிசோதனைக்குக் கொண்டுபோய், தேறினால் ரஸ்தாவில் ஓட்டலாம் என்பது பிரிட்டனில் நெடுநாளைய வழக்கம். இவ்விதம் உறுப்புகளை வாங்கிக் கூட்டும் வண்டியைக் ‘கிட் கார்’ என்கிறார்கள். 1957-ஆம் வருஷத்தில் காலின் சாப்மன் வெளியிட்ட ‘லோட்டஸ் செவன்’ இவற்றுள் பிரசித்தி பெற்றது. பூர்த்தியான வண்டிக்குக் கொள்முதல் வரி உண்டு. உறுப்புகளாக விற்றால் இல்லை. கூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழுமாம். ஆகவே கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் பின்பற்றச் சொன்னார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்தது, சலுகை போயிற்று, வண்டி கூட்டும் ஆசை மட்டும் போகவில்லை.

1998 முதல் இவ்வண்டிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசோதித்து அங்கீகரிக்கும் ஏற்பாடு அங்கே உண்டாயிற்று. 2009-இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. தடை, விளக்கு, ஆசனப் பட்டை முதலியவற்றைச் சோதிப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. பிறர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சர்க்கார் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் புகை.

கொட்டகையில் கூட்டும் வண்டியின் இஞ்சின் பெரும்பாலும் பழைய வண்டி ஒன்றிலிருந்து எடுத்ததாகவே இருக்கும். அது எவ்வளவு புகை விடலாம் என்பது அதன் வயதைப் பொறுத்தது. வருஷாந்தரச் சோதனையில் வழங்கும் அளவுகளைப் பாருங்கள். 1975 ஆகஸ்டு 1-ந் தேதிக்கு முந்திய பெட்ரோல் வண்டியில் கண்ணுக்குத் தெரியும் புகை மிதமிஞ்சி இல்லாதிருந்தால் போதும். அதற்குப் பின் 1986 ஜூலை வரை வந்தவற்றுக்குக் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 4.5 வரை அநுமதி. அதன் பின், புகைக் குழாயில் வினையூக்கி வருவதற்கு முந்திய வண்டிகளுக்கு 3.5. வினையூக்கி வந்த பிறகோ, நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கிடையாது.

இந்த வித்தியாசம் அதிகாரியின் மனம்போன போக்கில் எழுந்ததன்று. வினையூக்கி செவ்வனே வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற நிறையளவில் கலவை இடையறாது நிற்கவேண்டும். புகைக் குழாயில் பிராணவாயுவை அளக்கும் கருவி ஒன்று கணந்தோறும் சேதி சொல்ல, அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்சினுக்கே அது கைகூடும். பழைய கார்புரேட்டருக்கு அந்தச் சேதியைக் கேட்கக் காது கிடையாது. ஆகையால் 1972-ஆம் வருஷத்து இஞ்சினைப் புதிய அளவைக் கொண்டு சோதிப்பது, சோதனைக்கு முன்பே தோல்வியை எழுதி வைப்பதாகும்.

இங்கேதான் வழக்கு எழுகிறது. இஞ்சினின் வயதை ருஜுப்பிக்கும் பாரம் வண்டிக்காரன் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. வயது ருஜுவாகாத இஞ்சினுக்குப் புதிய இஞ்சினின் அளவே விதி. வருஷாந்தரச் சோதனையிலும் அப்படியே: 2002 செப்டம்பர் 1-ந் தேதிக்கு முன் உபயோகத்துக்கு வந்த வண்டியில் அதனினும் பழைய இஞ்சின் இருந்தால், இஞ்சினுக்குரிய சலுகை உண்டு; ஆனால் ருஜுவை வண்டி கொண்டுவருபவனே காட்டவேண்டும்.

பாரம் அவனைச் சேர்ந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. சலுகை கேட்பவன் அதற்குரிய உரிமையைக் காட்டவேண்டும் என்பது சட்டத்தின் பாலபாடம். அன்றியும் மோசடிக்கு இடம் உண்டு. ரோவர் கம்பெனியின் எட்டு சிலிண்டர் இஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க பியூக் கம்பெனியின் அலுமினிய இஞ்சினுக்குரிய உரிமையை வாங்கி, 1967-இல் தன் வண்டியில் ரோவர் அதை வைத்தது. அவ்வம்சம் 2000-ஆம் வருஷத்துக்கு அப்பாலும் வந்துகொண்டிருந்தது. இடையில் திருத்தங்கள் பல உண்டு. எனினும் 1995-இல் செய்த இஞ்சினின் தெளிப்புக் கருவியைக் கழற்றிவிட்டு, மேலே இரண்டு கார்புரேட்டரை வைத்து, ‘இது என் பாட்டனார் காலத்துச் சரக்கு’ என்று ஒருவன் சாதித்தால், அவன் வாய்ச்சொல்லை ஏற்கப் பரிசோதகர் கடமைப்பட்டவரல்லர்.

நம் ஆட்சேபம், எது ருஜு என்பதைப் பற்றியது. தயாரித்த கம்பெனியின் கடிதத்துக்கு இங்கே முதல் மரியாதை. கம்பெனியே இல்லாவிட்டால்? எம்.ஜி. ரோவர் 2005-இல் முறிந்தது. அதன் முன்னோர்களான பல கம்பெனிகளின் உற்பத்தி ஏடுகள் கெய்டன் மோட்டார் காட்சிசாலையில் பேணப்படுகின்றன. கட்டணம் செலுத்தினால் அத்தாட்சி கிடைக்கும். ஆனால் அது முழு வண்டிக்குரிய ஏடு. பழைய இரும்புக் கடையில் தனி இஞ்சினை மட்டும் வாங்கியவனிடம் வண்டியின் எண் ஏது? இஞ்சினில் பொறித்த எண்ணும் எப்பொழுதும் துணை செய்யாது. மேல்முகத்தைக் கடைந்து சமன் செய்யும்போது எண் அழிந்துபோவதுண்டு. மாற்றாக விற்ற பாதி இஞ்சின் எண்ணே இல்லாமல் வந்திருப்பதுண்டு.

காண்டல், கருதல், உரை எனப் பிரமாணம் மூன்று என்று நம் பெரியோர் வகுத்தனர். மலையில் புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது தர்க்க சாஸ்திரத்தில் சிறுவனுக்கும் தெரிந்த உதாரணம். புகையைப் பற்றிய இந்த வழக்கிலோ உரை ஒன்றுக்கே பீடம் போட்டிருக்கிறது. வார்ப்படச் சாலையில் உருக்கிய இரும்பை வார்க்கும்பொழுதே அச்சில் விழும் தேதிக் குறி பல இஞ்சின்களில் புடைப்பாக நிற்கிறது. பொறித்த எண்ணை எவனும் உளியால் மாற்றலாம். வார்ப்பில் எழுந்த எழுத்தை மாற்றினால் இரும்பே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் குறியையும், உறுப்புகளின் எண்களையும், துளைகளின் அமைப்பையும் பார்த்து அநுபவசாலியான யந்திர நிபுணர் கூறும் முடிவு, கம்பெனிக் குமாஸ்தாவின் கடிதத்துக்கு எவ்விதத்தில் தாழ்ந்தது?

பிரிட்டிஷ் சட்டமே இதற்கு வழி காட்டியிருக்கிறது. பழமையான பத்திரம் உரிய இடத்திலிருந்து வெளிப்பட்டால், அதில் கையெழுத்திட்டவரைத் தேடவேண்டியதில்லை; உண்மையென்றே அநுமானிக்கலாம். நம் 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 90-வது பிரிவு இதற்கு 30 வருஷம் என்றது. 2024 ஜூலையில் அதனிடத்துக்கு வந்த சட்டத்திலும் இக்கொள்கை நீடிக்கிறது. இங்கிலாந்தில் 1938-ஆம் வருஷத்துச் சட்டம் 20 வருஷமாகக் குறைத்தது. செல்லரித்த காகிதத்துக்குக் காட்டும் தயவை வார்ப்பிரும்புக்குக் காட்ட என்ன தடை?

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. வயது தெரியாவிட்டால் புதியது என்று கொள்ளும் விதி, நடக்க முடியாததை நடந்ததாகக் கொள்கிறது. டிரையம்ப் 2000, 2500 வண்டிகளின் உற்பத்தி 1977-இல் முடிந்தது. அவற்றின் ஆறு சிலிண்டர் இஞ்சின் ஒன்று கையில் இருந்தால், எந்த வருஷத்தது என்று தெரியாமற் போகலாம். நேற்றுச் செய்ததன்று என்பது நிச்சயம். அவ்வினம் கடைசியாகச் செய்யப்பட்ட வருஷத்தையே அதன் வயதாகக் கொள்வதுதான் நியாயம். அதனால் வண்டிக்காரனுக்கு அதிக லாபமும் இல்லை, காற்றுக்கு அநியாயமும் இல்லை.

இதிலும் சிக்கல் வரலாம். எம்.ஜி.பி. வண்டி 1980-இல் நின்றது. அதன் இஞ்சின் வம்சத்தின் 1489 கன சென்டிமீட்டர் கிளை நம் அம்பாஸடர் வண்டிக்காக உத்தரபாராவில் பின்னும் தொடர்ந்தது. ஆங்கிலப் பரிசோதகர் வங்காளத்து வார்ப்பைத் தம் ஊர்ச் சரக்கென்று எண்ணிவிடக்கூடாது! கொள்ளளவையும் குறியையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு இந்த மயக்கம் வராது.

இவ்வழக்கு நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். டில்லிப் பிரதேசத்தில் 10 வருஷம் கடந்த டீசல் வண்டியும் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடலாகாதென்று பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-இல் விதித்ததையும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றதையும் அவர்கள் அறிவார்கள். அங்கே பதிவேட்டின் தேதி பார்க்கப்பட்டது. குழாயில் வந்த புகை அளக்கப்படவில்லை. பிரிட்டனிலோ குழாயில் கருவி வைக்கிறார்கள். கருவியின் முள் எங்கே நிற்கவேண்டும் என்பதில்தான் தகராறு. இரண்டில் பிந்தியதே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

ஆகவே அங்குள்ள இலாகா தன் விதியில் மூன்று வரி சேர்த்தால் போதும்: வார்ப்புக் குறியையும் நிபுணர் சாட்சியத்தையும் ருஜுவாக ஏற்பது, வயது துலங்காதபோது அவ்வினத்தின் கடைசி வருஷத்தைக் கொள்வது, ருஜுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுப்பது. மூன்றாவது வரி இல்லாமல் முதல் இரண்டும் பரிசோதகரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தே நிற்கும்.