கல்லாவிலேயே கழித்துக் கொடுங்கள்

என் சமையலறை இழுப்பறையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று 25 வருடமாகக் கிடக்கிறது. மூன்று வீடு மாறியும் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோல் வைத்து ஐந்து பத்தி பிரித்திருக்கிறேன்: வாங்கிய தேதி, பொருள், வர வேண்டிய தொகை, தபாலில் போட்ட நாள், பணம் வந்த நாள். கடைசிப் பத்தியில் பல வரிகள் இன்றைக்கும் காலி.

1999-ல் கணவரோடு நியூஜெர்சி மாநிலத்தின் எடிசனுக்கு வந்தேன். அவருக்கு எச்-1பி விசா, எனக்கு எச்-4. அப்போது எச்-4 என்றால் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு வருடம் கணக்கு எழுதியவள் நான். மாதம் பிறந்தால் என் கையெழுத்துக்குச் சம்பளம் வரும். இங்கே வந்த பிறகு காய்கறிக்குக்கூட அவரிடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அவர் முகம் சுளித்ததே இல்லை. ஆனாலும் கேட்பது கேட்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளோடு கட்டுக் கட்டாக விளம்பரத் தாள்கள் வரும். 'ரிபேட் போக 99 டாலர்', 'ரிபேட் போக இலவசம்' என்று பெரிய சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். கடையில் முழு விலையைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு பெட்டியிலிருக்கும் பார்கோடை வெட்டி, அசல் பில்லையும் படிவத்தையும் சேர்த்து, குறித்த தேதிக்குள் தபால் முத்திரை விழும்படி அனுப்ப வேண்டும். எட்டு, பத்து வாரத்தில் செக் வரும். எழுதும் சிடி 50 அடங்கிய ஒரு டப்பாவுக்காக 20 டாலர் செக் என் பெயருக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த நாட்டில் என் பெயரைப் போட்டு வந்த முதல் பணம் அது. அன்றைக்கே கடைக்குப் போய் இந்த நோட்டை வாங்கினேன். கணக்கு எழுதத் தெரிந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

2000-ம் வருடம் தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, விடியற்காலை 4 மணிக்குக் கொட்டுகிற பனியில் வரிசையில் நின்று ஒரு பிரின்டர் வாங்கினோம். விலை 149.99 டாலர், அதில் 50 டாலர் ரிபேட். அப்போது நியூஜெர்சியில் விற்பனை வரி 6 சதவீதம். அந்த வரியை 99.99-க்குப் போடவில்லை, முழு விலைக்கும் போட்டார்கள். ஆக, வராத தள்ளுபடிக்கும் சேர்த்து 3 டாலர் வரி அங்கேயே போயிற்று. வந்தாலும் அந்த 3 டாலர் திரும்பாது. விளம்பரத்தில் 'ரிபேட் போக' என்று போட்ட விலையில் இதெல்லாம் சேராது.

வீட்டுக்கு வந்ததும் காய் நறுக்கும் கத்தியால் அந்தத் தடித்த அட்டையை அறுத்தேன். பார்கோடை வெட்டிவிட்டால் பெட்டி பழுது, பிறகு பிரின்டர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் வாங்க மாட்டார். பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நான்கு வாரம் வேண்டும், படிவம் அனுப்பவோ இரண்டே வாரம். நான் பிரின்டரை நம்பி வெட்டினேன்.

பதினோராவது வாரம் ஒரு அஞ்சலட்டை வந்தது. 'இந்த முகவரியிலிருந்து ஏற்கெனவே ஒரு மனு வந்துள்ளது, ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான்' என்று அச்சடித்திருந்தது. எங்கள் குடியிருப்பில் ஒரே கதவு எண்ணில் எட்டு வீடு. கீழ்வீட்டுத் திருநெல்வேலிக் குடும்பமும் எங்களோடு அதே வரிசையில் நின்று அதே பிரின்டரை வாங்கியது. நான் வீட்டு எண்ணை எழுதித்தான் அனுப்பியிருந்தேன். அதைப் பதிவு செய்தவர் விட்டுவிட்டார். தொலைபேசியில் 40 நிமிடம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்த பிறகு ஒரு பெண் எடுத்து, "அசல் பில்லை மறுபடி அனுப்புங்கள்" என்றாள். அசல் பில் அவர்களிடம்தான் இருந்தது. நான் ஜெராக்ஸ் எடுத்து வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட் வீதம் எல்லாத் தாளுக்கும் நகல் எடுத்தேன். அப்படியும் நோட்டில் காலியிடம் குறையவில்லை. பில்லில் கணவர் பெயர், படிவத்தில் என் பெயர் என்று ஒன்று தள்ளுபடி ஆயிற்று. நம் ஊர்ப் பெயர்களை இவர்கள் படிவத்தில் அடைக்க முடியாது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர், கணவருடையதில் அவர் அப்பா பெயர். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் அவர்கள் கணினிக்கு வேறு வேறு குடும்பம். ஒருமுறை என் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரை மட்டும் அச்சடித்து 30 டாலர் செக் அனுப்பினார்கள். வங்கியில் அதை வாங்கவில்லை. அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். கடல் தாண்டியே அறியாத மனுஷர் பெயரில் அமெரிக்காவிலிருந்து செக். அதைத் திருப்பி அனுப்பி மாற்றி வாங்க எனக்குக் கை வரவில்லை. நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு பெண்ணின் பழைய வருத்தமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தொழிலில் இதற்கென்றே இரண்டு சொற்கள் புழங்குகின்றன. வாங்கியவர் மனுவே போடாமல் விட்டால் அது 'பிரேக்கேஜ்'. செக் வந்தும் மாற்றாமல் விட்டால் அது 'ஸ்லிப்பேஜ்'. ஒரு தள்ளுபடியை அறிவிக்கும் முன்பே இத்தனை பேர் கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ள முடிகிறது. தள்ளுபடி எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், அதில் எவ்வளவு உண்மையில் கையை விட்டுப் போகும் என்பவை இரண்டு தனித்தனிக் கணக்கு. வந்த செக்கே அஞ்சலட்டை அளவில், குப்பை விளம்பரம் போல இருக்கும். 90 நாளில் காலாவதி. பிரித்துப் பார்க்காமல் எறிந்தவர்களை நானே அறிவேன்.

இப்போது டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் திலீப் சோமன் 1998-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பொருளை வாங்கும் நேரத்தில், பின்னால் படப்போகும் சிரமம் நம் கண்ணுக்குச் சிறிதாகத் தெரிகிறது, வரப்போகும் பணம் பெரிதாகத் தெரிகிறது. படிவத்தை நிரப்பும் நாள் வந்ததும் அந்தச் சிரமம் முழு உருவத்தில் எதிரே நிற்கிறது. அப்போது பெட்டி பிரித்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று.

பணம் தருவதாகச் சொன்ன நிறுவனம் நம் கடிதத்தைப் பெரும்பாலும் தானே பார்ப்பதில்லை. அதற்கென்று வேறு நிறுவனங்கள் உண்டு. மினசோட்டா மாநிலத்தில் யங் அமெரிக்கா என்ற சின்னஞ்சிறு ஊர் நாடெங்கிலுமிருந்து வரும் ரிபேட் கடிதங்களுக்காகவே தனித் தபால் எண்களோடு இருந்தது. கடைக்காரரைக் கேட்டால் தயாரித்தவரைக் காட்டுவார், தயாரித்தவரைக் கேட்டால் தபால் பெட்டி எண்ணைக் காட்டுவார். விளம்பரத்தில் விலையைப் போட்டவர் யார், அதற்குப் பொறுப்பு யார் என்று கேட்கும் இடத்தில்தான் எல்லாம் வழுக்குகிறது.

சில சமயம் மொத்தமாகவே கவிழ்ந்தும் இருக்கிறது. சைபர்ரிபேட் என்றொரு இணையக் கடை, சந்தையை விடப் பல மடங்கு விலை வைத்துப் பல பொருளுக்கு முழு விலையும் ரிபேட் என்று விற்றது. 2001 மே மாதம் திவாலானது. செக்குக்காகக் காத்திருந்தவர்கள் கடன்காரர் வரிசையில் போய் நின்றார்கள். 2005 மார்ச்சில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் காம்ப்யூஎஸ்ஏ கடைத்தொடர் மீது நடவடிக்கை எடுத்தது. கியூபிஎஸ் என்ற தயாரிப்பாளர் ரிபேட்டை ஒழுங்காகத் தருவதில்லை என்று தெரிந்த பிறகும் அந்தச் சலுகையை விளம்பரம் செய்து விற்றது என்பது குற்றச்சாட்டு. கியூபிஎஸ் திவாலாகிவிட்டதால், நிலுவைத் தொகையைக் கடையே கொடுக்க ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே பெஸ்ட் பை என்ற இன்னொரு கடைத்தொடர், இரண்டு வருடத்துக்குள் தபால் ரிபேட்டையே நிறுத்திவிடுவோம் என்று அறிவித்தது. மனம் வைத்தால் பில்லிலேயே கழிக்க முடியும் என்பதற்கு இதை விட வேறென்ன சாட்சி வேண்டும்?

கனெக்டிகட் மாநிலத்தின் விதி எனக்கு மிகவும் பிடித்தது. ரிபேட் போக இவ்வளவு என்று விலையை விளம்பரம் செய்யும் கடை, அந்த ரிபேட்டைக் கல்லாவிலேயே கொடுக்க வேண்டும். முடியாதென்றால் 'தயாரிப்பாளர் ரிபேட் உண்டு' என்று மட்டும் சொல்லலாம், கழித்த விலையைக் காட்டக் கூடாது. இதை நாடு முழுவதற்கும் சட்டமாக்கினால் என்ன? இருக்கிற மத்திய விதி, சொன்ன நாளுக்குள் அனுப்ப வேண்டும், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்கிறது. அதற்கு முதலில் மனு ஏற்கப்பட வேண்டுமே.

சிலர் சொல்வார்கள்: அக்கறை உள்ளவர் மனுப் போட்டு வாங்கிக்கொள்கிறார், அக்கறை இல்லாதவர் விடுகிறார், இதில் என்ன அநியாயம் என்று. அக்கறைக்கு என் நோட்டைக் காட்டுவேன். மனுப் போடாமல் விடுபவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். ஏனென்றால் இப்போது நான் ஒரு கண் மருத்துவரின் அலுவலகத்தில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், பத்து வருடத்துக்கு மேலாகிறது.

கான்டாக்ட் லென்ஸ் விற்பனையில் ரிபேட் இன்னும் கோலோச்சுகிறது. தினமும் மாற்றும் லென்ஸ் என்றால் ஒரு வருடத்துக்கு 90 அடங்கிய பெட்டி எட்டு வேண்டும். 760 டாலர், ரிபேட் 200, ஆக 560 என்று நான்தான் நோயாளியிடம் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி என் நாக்குக்கே அது பழகிவிட்டது. தபால் போய் இணையம் வந்தது, அவ்வளவுதான். பரிசோதனை நடந்த தேதி பில்லில் இருக்க வேண்டும், எட்டுப் பெட்டியின் பார்கோடையும் படம் பிடிக்க வேண்டும், எல்லாம் குறித்த நாளுக்குள் முடிய வேண்டும். இரவுப் பணி முடித்து நேராக வரும் நர்ஸ், மின்னஞ்சலே இல்லாத பெரியவர், ஸ்பானிஷ் மட்டும் பேசும் அம்மா, ஆறு மாதத்துக்கு ஒரு வீடு மாறும் பையன்கள். இவர்கள்தான் விடுகிறவர்கள். ஒருவரைக்கூடச் சோம்பேறி என்று என்னால் சொல்ல முடியாது.

பணமும் இப்போது செக்காக வருவதில்லை, முன்பணம் ஏற்றிய அட்டையாக வருகிறது. 2009-ல் வந்த சட்டம் பரிசு அட்டைகளுக்குக் குறைந்தது 5 வருடம் ஆயுள் வேண்டும் என்றது. ஆனால் சலுகையாகவும் ரிபேட்டாகவும் தரும் அட்டைகளை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே விட்டுவிட்டது. ஆகவே ஆறு மாதத்தில்கூடச் செத்துப் போகலாம். பெட்ரோல் பங்கில் செருகினால் பலமுறை எடுக்காது. அட்டையில் இருப்பதை விடக் கூடுதல் தொகையை இயந்திரம் முதலில் பிடித்து வைக்கப் பார்க்கும். கடைசியில் 3 டாலர், 4 டாலர் மிஞ்சி, எதற்கும் உதவாமல் பர்ஸில் கிடக்கும்.

போன மாதம் கும்பகோணத்திலிருந்து அக்கா பேசினாள். வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறாள், 2,500 ரூபாய் கேஷ்பேக்காம். 15 நாளுக்குள் பில்லையும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும், பணம் வர 90 நாள். "எனக்கு இதெல்லாம் எங்கடி தெரியும், பையன் தீபாவளிக்கு வந்தா பார்த்துக்கலாம்" என்றாள். 15 நாளில் தீபாவளி வரவில்லை. நான் வீடியோ அழைப்பில் அவளை ஸ்டிக்கருக்கு நேராகப் போனைப் பிடிக்கச் சொல்லி, இங்கிருந்தே ஏற்றினேன். நோட்டில் ஒரு புது வரி எழுதினேன். நுகர்வோர் உதவி எண் 1915 என்பதையும் அவளிடம் சொல்லி, காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரமே எங்கள் டாக்டரிடம் போய், விலைத்தாளை மாற்றலாமா என்று கேட்டேன். இன்றைக்குக் கட்ட வேண்டிய தொகை மட்டும் மேலே பெரிதாக இருக்கட்டும், ரிபேட்டைத் தனியாகக் கீழே, கடைசித் தேதியோடு போடலாம் என்றேன். விற்பனை குறையுமே என்று யோசித்தார். அப்புறம் சரி என்றார். புதுத் தாள் வந்த முதல் நாள், இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு பெண்மணி 760 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுதான் இன்றைக்கு நான் கொடுக்க வேண்டியதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான்கு பெட்டி மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.