தர்மமும் செக்ரோலும்

பகவத்கீதையிலே தலைமைத்துவம், திருக்குறளிலே நிருவாகம், பௌத்த சூத்திரங்களிலே தொழிலாளர் உறவு என்றெல்லாம் இந்நாளிற் கருத்தரங்குகள் நிகழ்கின்றன, நூல்கள் அச்சாகின்றன. முகாமையாளர் சமயப் பற்றுடையவராயின் தொழில் நடைபெறும் இடத்தில் நீதி தானாகவே நிலைபெற்றுவிடும் என்பதே இவற்றின் உட்கிடை. இவ்வாறு கூறுவோருட் சிலர் மெய்யான நல்லெண்ணம் உடையவர்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்தம் கூற்றையே மறுக்கிறோம்.

அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சிகாலோவாத சூத்திரத்தையே முதலிற் பார்ப்போம். ஆற்றலுக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயுற்ற காலத்திற் பராமரிப்பு, அரிய உணவிற் பங்கு, உரிய வேளையில் ஓய்வு என எசமானுக்கு அது ஐந்து கடமைகளை விதிக்கின்றது. அடிமை முறை இயல்பெனக் கருதப்பட்ட காலத்தில் இதைச் சொல்லியது சிறு காரியமன்று. ஆயின் அதே சூத்திரம் வேலையாளுக்கும் ஐந்து கடமைகளை விதிக்கின்றது: எசமானுக்கு முன் எழுதல், அவனுக்குப் பின் உறங்கல், கொடுத்ததை மட்டும் பெற்றுக்கொள்ளல், வேலையைச் செவ்வனே செய்தல், எசமானின் புகழைப் பரப்பல். எசமான் தன் கடமையிலே தவறினால் வேலையாள் செய்யத்தக்கது யாது? அந்த வினாவே அங்கு எழவில்லை. நம் கருத்தரங்குக்காரர் விரைந்து கடந்து செல்வதும் இந்த இடத்தைத்தான்.

‘கடமை தவறாத முதலாளியும் இருக்கக்கூடுமே’ என்பார்கள். இருந்தார்கள். அவர்களுள் மிகச் சிறந்தோரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரிலே கொக்கோவும் சொக்கலேற்றும் செய்த கட்பரி குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். போரை வெறுத்தவர்கள், அடிமை வாணிபத்தைப் பாவமென்றவர்கள். 1879இல் நகரத்துப் புகையினின்று தொழிற்சாலையைப் போர்ன்வில்லுக்குக் கொண்டு சென்றனர். அங்கே வீடும் தோட்டமும் விளையாட்டுத் திடலும் அமைந்தன. சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கொடுத்தனர். மதுக்கடை மட்டும் அக்கிராமத்தில் இல்லை. முதலாளியின் சமயம் அதை விரும்பாமையே காரணம். (தொழிலாளி எதைக் குடிக்கலாம் என்பதையும் முதலாளியின் மனச்சாட்சியே தீர்மானித்தது!)

அந்தக் கொக்கோவின் பெரும் பங்கு மேற்காபிரிக்கக் கரைக்கு அப்பால், போர்த்துக்கேயர் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்குள்ள தோட்டங்களில் உழைத்தவர்கள் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். காகிதத்தில் அவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகள். ஊர் திரும்பியவரைக் காண்பது அரிது. 1901இல் விலைக்கு வந்த தோட்டமொன்றின் சொத்து விபரத்திலே தொழிலாளரும் விலையிட்டு எழுதப்பட்டிருந்தமை வில்லியம் கட்பரியின் பார்வைக்கு வந்தது. 1905இல் விசாரிக்க ஒருவரை அனுப்பினர்; அவரும் அது அடிமைத்தனமே என்று கண்டார். கொள்வனவு நின்றதோ 1909இல். இடைப்பட்ட எட்டாண்டுகளும் கொக்கோ வந்துகொண்டேயிருந்தது. அதே காலத்தில், ஜோர்ஜ் கட்பரிக்கு உரிமையான ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகை தென்னாபிரிக்கச் சுரங்கங்களிற் சீனக் கூலிகள் படும் பாட்டை எண்ணிக் கண்ணீர் வடித்தது.

‘ஸ்ராண்டட்’ பத்திரிகை இதைச் சுட்டிக்காட்ட, கட்பரி கம்பனி மானநட்ட வழக்குத் தொடர்ந்தது. 1909 டிசம்பரில் கம்பனி வென்றது. யூரிமார் விதித்த நட்டஈடு ஒரு பாதிங்கு, அதாவது ஒரு பென்னியிற் காற்பங்கு. வாங்குவோராக இருந்தாற்றான் போர்த்துக்கலைத் திருத்த முடியும் என்று கம்பனி வாதாடியது. அது முழுப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. திருந்துவதற்கு எத்தனை ஆண்டு தவணை என்பதை அடிமையா குறித்தான்?

நமது மலையகத்துக்கு வருவோம். இங்கே துரைமார் குவேக்கருமல்லர், போர்ன்வில்லைக் கட்டியவர்களுமல்லர். தோட்டத்துக் கோயிலுக்கு இடம் கொடுத்தார்கள், திருவிழாவுக்கு விடுமுறை கொடுத்தார்கள், மாலை மரியாதை பெற்றுக்கொண்டார்கள். மறுநாட் பெரட்டிலே பழைய துரையே நின்றார். தொழிலாளியைக் கடனோடு கட்டித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலி 1927இல் வந்தது. சம்பளச் சபைகள் 1941இல் வந்தன. இவற்றுள் ஒன்றேனும் ஒரு துரையின் பூசையறையிலோ தேவாலயத்திலோ பிறந்ததன்று. சட்டமாகவும், போராட்டத்தின் அழுத்தத்தாலும் வந்தவை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானதையும் அக்கணக்கிற் சேர்க்க வேண்டும்.

சமயத்தை நாம் இழித்துரைக்கவில்லை. தோட்டத் தொழிலாளரும் மாரியம்மனை வணங்குபவர்களே. வணங்கிய கையோடுதான் சங்கத்திற்கும் சந்தா கொடுத்தார்கள். தர்மம் முதலாளியின் நெஞ்சில் மட்டும் இருந்தால் அது ஈகை. கொடுப்பவன் நினைத்தால் குறைக்கலாம், நிறுத்தலாம். செக்ரோலில் எழுதப்பட்டுச் சட்டத்தாலும் சங்கத்தாலும் காக்கப்படும்போதே அது உரிமையாகின்றது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று சம்பளச் சபை தீர்மானித்தவுடன், பெருந்தோட்டக் கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றப் படியேறின. அவ்வேளையில் எந்தச் சூத்திரமும் அவர்களைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்த கருத்தரங்கிலே ஐந்து நட்சத்திர விடுதி மேடைக்குக் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தியை அழைக்கட்டும். தராசிலே கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்படும் கிலோவைப் பற்றியும், எடை குறைந்த நாளில் விழும் அரைப்பேரைப் பற்றியும் அவள் பேசட்டும். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நாமும் சென்று கேட்போம்.