ஓரெழுத்தின் விலை பதினொரு டாலர்

அண்மையில் ஓர் இலக்கியக் கூடுகையில், நம் வீட்டுக் கணினிக்குள் தண்ணீர் ஓடுகிறது என்ற செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. (தண்ணீர் கசியவில்லை, செய்திதான்.) நாம் மதிக்கும் விமர்சகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். எழுதுகிறவனுக்குக் கணினி என்பது தட்டச்சுப்பொறி. அதன் வேகத்தைக் கூட்ட முனைவது விடலைத்தனம். அதற்குத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது நுகர்வுவெறியின் உச்சம் என்றார். அவையில் சிரிப்பு. நாமும் சிரித்தோம். வீடு திரும்பிய பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது. ஆகவே இந்த எதிர்வினை.

முதலில் விஷயம் இன்னதென்று தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். கணினியின் செயலி ஒரு துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. தாய்ப்பலகை விநாடிக்குப் பத்துக் கோடி துடிப்புகளை, அதாவது 100 மெகாஹெர்ட்ஸைத் தருகிறது. செயலி அதனைத் தனக்குள் ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. அந்தப் பெருக்கெண் 33 என்றால் வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். சங்கீத ரசிகர்களுக்கு இது எளிதில் விளங்கும்: தாளம் மாறுவதில்லை, ஓர் அட்சரத்துக்குள் பாடகர் அடைக்கும் சொற்கள்தாம் கூடுகின்றன. இந்தப் பெருக்கெண்ணைத் தயாரிப்பாளர் குறித்ததற்கு மேல் நாமே ஏற்றுவதைத்தான் ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது இன்டெல் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஐ5-2500கே என்னும் செயலி, பழையதாக வாங்கியது. அதே ஆண்டில் 'கே' இல்லாத 2500-உம் விற்பனைக்கு வந்தது. இரண்டும் ஒரே சிலிக்கன், ஒரே 3.3 கிகாஹெர்ட்ஸ், ஒரே நான்கு கருக்கள். முதன்மையான வேறுபாடு, ஒன்றில் பெருக்கெண் திறந்திருக்கும், மற்றதில் ஏறத்தாழப் பூட்டப்பட்டிருக்கும். அன்றைய பட்டியல் விலை 205 டாலர், 216 டாலர். நன்னூலார் ஓரெழுத்தொருமொழிகளை நாற்பத்திரண்டு என்று எண்ணிவைத்தார். நாற்பத்து மூன்றாவதை இன்டெல் பதினொரு டாலருக்கு விற்றது.

விமர்சகர் 'நுகர்வுவெறி' என்ற சொல்லை எறிந்த திசை தவறு என்பது நம் முதல் வாதம். நுகர்வோன் என்பவன் யார்? பூட்டோடு வாங்கிப் பூட்டு இருப்பதையே அறியாமல் பயன்படுத்துகிறவன். 1998-இல் வந்த செலரான் 300ஏ செயலியின் பெருக்கெண் பூட்டப்பட்டுத்தான் இருந்தது. பொழுதுபோக்காளர்கள் பெருக்கெண்ணை விட்டுவிட்டு, அதற்குத் தரப்படும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 100 ஆக்கினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450-இல் ஓடியது. பலமடங்கு விலைகொண்ட பென்டியம் 2-இன் வேகம் அது. 2000-இல் ஏஎம்டி நிறுவனத்தின் செயலிகளில் மேற்பரப்பில் இருந்த நுண்ணிய இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்துச் சேர்த்தார்கள். பென்சிலின் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பூட்டு திறந்துகொண்டது. பென்சிலால் இதைவிடக் கூர்மையான விமர்சனம் எழுதப்பட்டிருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

பூட்டுக்கு நியாயம் இல்லாமலில்லை. தொண்ணூறுகளில் குறைந்த வேகச் செயலியின் மேல் அதிக வேகத்தைப் பொறித்து விற்ற மோசடி வணிகர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த நியாயம் 2010-இல் நடந்ததற்குச் செல்லுமா? அந்த ஆண்டு ஒரு பென்டியம் செயலியை இன்டெல் விற்றது. அதனுள் ஏற்கெனவே இருந்த நினைவகப் பகுதி ஒன்றையும் வேறொரு வசதியையும் திறந்துவிட 50 டாலருக்குத் தனியாக ஓர் அட்டை வாங்க வேண்டும். எதிர்ப்புக்குப் பின் 2011-இல் கைவிட்டார்கள். 2015 இறுதியில் 'கே' இல்லாத செயலிகளிலும் வேகம் கூட்டும் வழியைத் தாய்ப்பலகை தயாரிப்பாளர்கள் திறந்தபோது, 2016-இல் அதனையும் அடைக்கச் செய்தது அதே நிறுவனம். இதற்கிடையே 2017-இல் ஏஎம்டி தன் முதல் ரைசன் மேசைக்கணினிச் செயலிகள் அனைத்தையும் பெருக்கெண் பூட்டின்றியே வெளியிட்டது. உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

இனி தண்ணீர். நம் நண்பரின் கேலி முழுவதும் இதன்மேல்தான்.

வேகம் கூடினால் வெப்பம் கூடும். அது நேர்விகிதத்தில் கூடுமென்றால் சிக்கலில்லை. வேகத்தைத் தாங்க மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. வெப்பமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. நான்கு கருக்களும் உழைக்கும்போது இச்செயலியின் இயல்பான வேகம் 3.4. அதனை 4.4-க்குக் கொண்டுபோக மின்னழுத்தம் 1.2 வோல்ட்டிலிருந்து 1.32 ஆயிற்று என்று கொள்வோம். வேகத்தின் ஆதாயம் 29 விழுக்காடு. வெப்பத்தின் அபராதம் 57 விழுக்காடு. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த இரவில்தான் தண்ணீர் ஓர் ஆடம்பரமல்ல என்று நமக்குப் புரிந்தது.

தண்ணீரின் கணக்கு இன்னும் அழகானது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், 70 வாட் வெப்பத்தைச் சுமந்தும் அதன் சூடு ஒரு பாகைதான் ஏறும். நம் பம்ப் நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் தள்ளுகிறது. ஆகவே செயலிக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் ஒரு பாகைகூட வேறுபாடில்லை. ரேடியேட்டர் முன்னா, பம்ப் முன்னா என்று இத்துறை ஆர்வலர்கள் இடும் வரிசைச் சண்டை பெரும்பாலும் வீண். பம்பின் வாய் வறளாதிருந்தால் போதும். (வைப்புமுறைச் சண்டை நமக்கும் புதிதல்ல.)

நம் முதல் அடி சறுக்கல். பழைய தாய்ப்பலகை வாங்கப் போன இடத்தில், "சாக்கெட் ஒண்ணுதான் சார், எல்லாம் ஓடும்" என்றார் கடைக்காரர். ஓடியது. ஆனால் பயாஸில் பெருக்கெண் அசையவில்லை. அந்தப் பலகை எச்67 வகை. எண்ணை மாற்ற பி67 போன்றது வேண்டும். செயலியில் திறந்த பூட்டைப் பலகையில் மறுபடி பூட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாம்தான் கேட்கத் தெரியாமல் கேட்டோம்.

அடுத்தது ரேடியேட்டர். கார் உதிரிபாகக் கடையில் மலிவாகக் கிடைக்குமே என்ற ஆசை வந்தது. அவற்றுள் பெரும்பாலானவை அலுமினியம். செயலியின் மேல் அமரும் வாட்டர் பிளாக் செம்பு. இரண்டையும் ஒரே நீர் தொட்டால் அது மின்கலம் போலாகி அலுமினியம் அரித்துப்போகும். செம்பு ரேடியேட்டருக்காக மூன்று மாதம் காத்திருந்தோம். நீர், வண்டிக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீர். கணினியின் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தராமல், பவர் சப்ளையின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துப் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டோம். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ தாள். விடியற்காலையில் ஒன்று நனைந்திருந்தது. இணைப்பின் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழற்றி, துடைத்து, நேராக்கி, மறுபடி ஒரு நாள்.

பிறகு பெருக்கெண்ணை ஒவ்வொன்றாக ஏற்றினோம். 40, 41, 42. ஒவ்வொரு படியிலும் பிரைம்95 என்ற மென்பொருளை மணிக்கணக்கில் ஓடவிட வேண்டும். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது அது. 44-இல் கணினி நிற்கவில்லை, திரை உறையவில்லை. ஒரே ஒரு வரி மட்டும் வந்தது: முழுமையாக்கலில் பிழை 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் கீழ். அதாவது பொறி மிக அமைதியாக, முழு வேகத்தில், தவறாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. வெளியே எந்த அறிகுறியும் இல்லை. மென்பொருள் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொண்டதால் மட்டுமே அகப்பட்டது. நம் விமர்சகரிடம் கேட்கிறோம்: சரளமாக ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு என்ற இந்தப் பாடத்தை நாம் எந்தக் கருத்தரங்கில் இவ்வளவு துல்லியமாகக் கற்றோம்?

பொறியை அறியாமலிருப்பதே நுண்ணுணர்வின் அடையாளம் என்ற பாவனை நம்மிடையே வேரோடியிருக்கிறது. இது நம் மரபும் அல்ல. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதால் புள்ளியின்றி எழுதினார்கள். ஏகாரமா எகரமா என்பதைப் படிப்பவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஏட்டின் தாங்கும் எல்லையை அறியாத பதிப்பாசிரியர் ஒரு பாடத்தையேனும் முடிவுசெய்திருக்க முடியுமா? எழுத்தாணியின் அழுத்தம் இலக்கியப் பிரச்சினையாக இருந்தபோது, செயலியின் மின்னழுத்தம் மட்டும் எப்படி விடலைத்தனம் ஆயிற்று?

மறுபக்கத்துக்கும் ஒரு சொல். முத்திரையிட்டு வரும் நீர்க்குளிர்விப்பானை வாங்கிப் பொருத்தி, வண்ண விளக்கெரியவிட்டு, 'தானியங்கி' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத் தன்னை ஓவர்கிளாக்கர் என்று அறிவித்துக்கொள்பவர்கள்மேல் விமர்சகரின் ஏளனம் விழட்டும்; நாம் தடுக்க மாட்டோம். அண்மைக்காலச் செயலிகள் தம் வேகத்தைத் தாமே எல்லைவரை தள்ளிக்கொள்கின்றன. கையால் கூட்ட அங்கு எஞ்சியிருப்பது சொற்பம். ஆனால் அந்த எல்லையை வகுத்தவர்கள் தவறமாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் 2024-ஐ நினைவுகூரலாம். இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பல இடங்களில் நிலைகுலைந்தன. முதலில் சுட்டுவிரல் தாய்ப்பலகைகளின் அமைப்புகளை நோக்கி நீண்டது. பிறகு, செயலி தானே அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதும் காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. பெட்டியைப் பிரித்துத் தொடாதவர்களின் செயலிகளும் அவற்றில் அடக்கம்.

நம் கணினியில் விண்டோஸ் 11-க்கு இடமில்லை. இச்செயலி அதன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. லினக்ஸ் ஓடுகிறது. மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தியபின் 44-இல் பிழையின்றி ஒரு நாள் முழுக்க ஓடியது. ஆனால் தண்ணீர் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. மே மாதத்தில் நம் அறை 36 பாகையில் நின்றது, செயலி எழுபதைத் தாண்டியது. ஆகவே கோடைக்கு மட்டும் 42-க்கு இறக்கிவைத்திருக்கிறோம். இதனைத் தோல்வி என்று நண்பர் எழுதக்கூடும். எழுதட்டும், அறையின் வெப்பநிலையையும் சேர்த்துக் குறிப்பிடும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.