வெள்ளத்துக்குத் தவணை தள்ளிவைக்கலாம்... பிரசவத்துக்குக் கூடாதா?



குஜராத்துக்கு அடுத்து இந்தியாவிலேயே அதிகமா உப்பு விளையுறது தமிழ்நாட்டுலதான். அதுல பெரும்பங்கு நம்ம தூத்துக்குடி மாவட்டம். முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி பக்கம் விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்குக் கிளம்புற பெண்களை நீங்க பார்த்திருப்பீங்க. அவங்கள்ல பலர் வீட்டுல ஒரு கடன் அட்டை இருக்கும். வேம்பார், தருவைகுளம் தொடங்கி மணப்பாடு வரைக்கும் கடற்கரை ஊர்களிலும் இதே கதைதான். குழு லோன், வாரத் தவணை.

இந்தக் கடனுக்கு நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. அப்படியென்றால் எதை நம்பி கொடுக்கிறார்கள்? அந்தப் பெண் நாளைக்கும் வேலைக்குப் போவாள் என்பதை நம்பித்தான். அவள் உடம்புதான் ஜாமீன்!

ஆனால் அந்த உடம்புக்கு என்ன ஆகிறது என்று கடன் கொடுப்பவர் கணக்கில் ஒரு வரி கூட இல்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். உப்பளம், செங்கல் சூளை, வயல் வேலை செய்பவர்களும் அதில் அடக்கம். கடும் வெப்பத்தில் வேலை பார்க்கும் கர்ப்பிணிகளுக்குக் கருக்கலைவு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது அதன் முடிவு. இது 2024-ல் வெளியானது.

இப்போ யோசிங்க. எட்டாம் மாசம். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்கிறார். வேலைக்குப் போகலைன்னா கூலி இல்லை. கூலி இல்லைன்னா தவணை இல்லை. தவணை தவறினால் குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். சிபிலில் அவள் "தவணை தவறியவர்" என்று பதிவாகும்.

அரசு உதவி இல்லையா? இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். தாய்க்குச் சத்தான சாப்பாடு கிடைக்கணும் என்பதற்கான பணம் அது. தவணை நெருக்கடியில் அந்தப் பணம் வட்டிக்குப் போனால், அரசு ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை வாங்கிக்கொள்கிறது. இதை எப்படி ஏற்க முடியும்?

தவணையைத் தள்ளிவைக்க விதியே இல்லை என்று சொல்ல முடியாது. 2020-ல் கொரோனா வந்தபோது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதம் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வெள்ளம், வறட்சி வந்தால் கடனை மாற்றி அமைக்க வழிமுறை இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அந்த வெள்ளம் வரப்போவது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பிரசவ தேதி மாதக்கணக்கில் முன்பே தெரியும்! முன்பே தெரிந்த ஒன்றுக்குத் திட்டமிட முடியாதா?

"தள்ளிவைத்தால் பணம் திரும்பாது" என்பார்கள். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கொல்கத்தாவில் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளித் தொடங்கியபோது பெண்களின் தொழில் வருமானம் கூடியது. பணம் கட்டாதவர் எண்ணிக்கையும் கூடியது உண்மைதான். ஆனால் வங்கதேசத்தில், ஒழுங்காகக் கட்டிவந்தவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு மாதத் தவணையைத் தேவைப்படும்போது தள்ளிப்போடும் உரிமையைக் கொடுத்தார்கள். தொழிலும் வளர்ந்தது, வராக்கடனும் குறைந்தது. கஷ்டகாலத்தில் கை கொடுத்த இடத்தை மக்கள் ஏமாற்றுவதில்லை.

அதனால் நாம் கேட்பது மூன்றுதான்:

1. கர்ப்பிணி தன் பிக்மி எண்ணைக் காட்டினால் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து 6 மாதம் தவணை தள்ளிவைப்பு.

2. அந்த 6 மாதத்தை சிபிலில் தவறிய தவணையாகப் பதியக் கூடாது. குழுவின் மற்ற பெண்களிடம் அந்தத் தவணையைக் கேட்கக் கூடாது.

3. வட்டிக்கு வட்டி கூடாது. கொரோனா கால ஒத்திவைப்புக்கு உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்னதும் இதுதான்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் வங்கியாளர் கூட்டத்தில் இதை முதலில் வைக்கலாம். 1921-லேயே சொந்தமாக வங்கி தொடங்கிய ஊர் இது. தூத்துக்குடி வழி காட்டட்டும்.

அதுவரைக்கும் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தவணை கட்டச் சிரமப்படுபவரைக் கண்டறிந்து வழிகாட்டும் ஏற்பாடு கடன் கொடுத்தவரிடம் இருக்க வேண்டும்.

இது சலுகை இல்லை, விதி. உங்கள் தெருவில் கர்ப்பிணி ஒருவர் தவணைக்குப் பயந்து வேலைக்குப் போகிறார் என்றால், அவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். வசூலுக்கு வரும் நாளில் அவர் பக்கத்தில் நில்லுங்கள்.

பகிருங்கள் தோழர்களே. இந்தப் பதிவு சேர வேண்டிய வீடு உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.