பழைய காசைப் புளி போட்டு விளக்குறீங்களா? மதிப்பு எங்கே போகுது தெரியுமா?

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலை 27-ல் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தைப் பிரதமர் மோடி வெளியிட்டார். இதுபோன்ற நினைவு நாணயங்களை நாணயச்சாலை பெட்டியோடு விற்பது வழக்கம். வாங்கினால் பெட்டியைத் திறந்து கையில் உருட்டிப் பார்க்காதீங்க. விரல் வியர்வை பட்டாலே உலோகத்தில் கறை விழும்.

இது புதுக் காசுக்கு மட்டுமல்ல. அரியலூர், பெரம்பலூர் பக்கம் பரணில் கிடக்கும் வெள்ளி ரூபாய்க்கும் இதே கதைதான்.

தேய்மானம் எங்கே ஆரம்பிக்கும்?

காசில் மேடான பகுதிதான் முதலில் தேயும். ஜார்ஜ் மன்னர் ரூபாய் என்றால் கிரீடம், புருவம், மீசை. சேகரிப்பவர்கள் பார்ப்பதும் அங்கேதான். 1949-ல் அமெரிக்காவின் வில்லியம் ஷெல்டன் இதற்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் முறை கொண்டுவந்தார். 70 என்றால் ஒரு கீறல்கூட இல்லாத காசு.

நன்றாகத் தேய்ந்த, சாதாரண ஆண்டின் ரூபாய்க்கு பெரும்பாலும் வெள்ளி விலைதான் கிடைக்கும். எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. காசு மாலைக்காகக் கொக்கி பற்றவைத்தது, ஓட்டை போட்டது என்றாலும் அதே நிலைமைதான்.

புளி செய்யும் வேலை

நம்ம வீடுகளில் நடக்கும் பெரிய சேதம் இதுதான். பித்தளைக் குடம் மாதிரி காசையும் புளி, சாம்பல் போட்டுப் பளபளன்னு தேய்த்துவிடுகிறோம். புளியின் அமிலம் கறையோடு உலோகத்தின் மேல்தோலையும் அரிக்கும். சாம்பல் மெல்லிய கீறல் போடும். அச்சடித்தபோது வந்த மினுமினுப்பு ஒருமுறை போனால் திரும்ப வராது. பழக்கப்பட்ட வியாபாரி இதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். பார்க்க அசிங்கமாக இருந்தாலும், காலத்தால் கறுத்த காசுக்குத்தான் மரியாதை.

ரூபாய் நோட்டுக்கு மடிப்பும் பின் ஓட்டையும் எதிரி. கட்டுகளுக்கு பின் அடிப்பதை நிறுத்தும்படி 2001-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதனால் அதற்கு முந்தைய புது நோட்டில்கூட ஓட்டை இருப்பது சகஜம்.

அரிதாக இருந்தால்?

1911-ல் வந்த ஜார்ஜ் மன்னர் ரூபாயில், அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. பெரும்பகுதி உருக்கப்பட்டது. அதனால் தேய்ந்திருந்தாலும் அதைத் தேடுவார்கள்.

அமெரிக்க பேஸ்பால் கார்டுகளிலும் இதே கணக்குதான். 1952-ன் மிக்கி மேன்டல் கார்டு 10-க்கு 9.5 மதிப்பெண்ணோடு 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் சுமார் 100 கோடி ரூபாய். அதே மாதம் வெறும் 2 மதிப்பெண் பெற்ற ஹோனஸ் வாக்னர் கார்டும் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. காரணம், அது அவ்வளவு அரிது.

நம்ம கையில் இருக்கும் வைஷ்ணவ தேவி 5 ரூபாய் அப்படி இல்லை. அது லட்சக்கணக்கில் அச்சான காசு. ‘பழைய காசுக்கு லட்சம் தர்றோம், முதலில் கமிஷன் கட்டுங்க’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இந்த விவகாரத்தில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துவிட்டது.

மண்ணில் கிடைத்தால்?

சோழர் தலைநகர் இருந்த பகுதி என்பதால் இது முக்கியம். புதைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டு புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. கொடுக்கும்போதும் கழுவ வேண்டாம், ஒட்டிய மண்ணோடு அப்படியே கொடுங்கள்.