உறைந்த ஏரியில் ஒரு பகற்பொழுது

அரநாயக்கவில் மீன் பிடிக்கும் விதத்தை நாம் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழை விட்ட மறுநாள், இறப்பர்த் தோட்டத்து ஓடைக்கரையில் மூங்கிற் கழியும் மண்புழுவுமாகச் சிறுவர் குந்தியிருப்பதை வாசகர் பலரும் கண்டிருப்பர். ஆனால், கனடாவிற் குடியேறிய உறவினர் அனுப்பும் படங்களில் வேறொரு காட்சி தெரிகிறது. ஏரியின் நடுவே நாற்காலி போட்டமர்ந்து, காலடியிலுள்ள துளைக்குள் தூண்டில் விட்டிருக்கிறார்கள்! ஏரி கல்லாய் உறைந்த பின் மீன் எங்ஙனம் உயிர் வாழும் என்று மாணவர் சிலர் நம்மை வினவினர். நல்ல வினாவே.

பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். நீரும் 4 பாகை செல்சியசு வரை அவ்வழியே செல்கிறது. அதற்குமேற் குளிர்ந்தாலோ, விரிந்து இலேசாகிறது. பனிக்கட்டி நீரைவிட நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு இலேசானது. ஆகவே அது கூரைபோல் மேலே மிதக்க, கனமான 4 பாகை நீர் அடியிலே தங்குகிறது. மீனின் உடற்சூடும் அந்நீரின் சூடே. அது மெல்ல அசைந்து, சிறிதே உண்டு, குளிர்காலத்தைக் கழிக்கிறது. நீர் மட்டும் மற்றைப் பொருள்களைப் போல் இறுதிவரை சுருங்கிக்கொண்டே போயிருந்தால், குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்து உறைந்திருக்கும், மீனும் இராது.

தமிழர் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ என்னும் ஏரி உண்டு. பரப்பு சுமார் 720 சதுர கிலோமீற்றர். குளிர்காலத்தில் அங்கே செல்வோர் பொருள்களைச் சறுக்குப் பலகையில் ஏற்றி இழுத்துச் செல்வர். துறப்பணத்தாற் பனிக்கட்டியைத் துளைத்து, மிதக்கும் துகள்களை நம் வீட்டு அரிகரண்டி போன்ற ஒன்றால் அள்ளி எறிவர். தூண்டிற்கோலோ ஒன்றரை முழந்தான். நேரே கீழே இறக்குவதற்கு நீளம் எதற்கு? அவர்கள் நாடும் மீன்களுள் ஒன்று மஞ்சள் பேர்ச். தாச்சியில் முழுதாய் அடங்கும் சிறுமீன் அது. கூட்டமாய்த் திரியும்; பகலில் மட்டுமே இரை தேடும். குளிரில் அது இரையைக் கவ்வும் அசைவு மிக மெல்லியது. பேச்சில் மூழ்கியவனுக்குக் கிட்டாது. (நம்மவர் கையில் மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசிக்கொண்டு பொரிந்தால் அதன் சுவை எப்படியிருக்குமோ!)

இவ்வளவும் வேடிக்கை. ஆனால் ஒரு கவலையும் நமக்குண்டு. தெளிந்த, உறுதியான பனிக்கட்டி 4 அங்குலமாவது இருந்தாலன்றி அதன்மேல் நடக்கலாகாது என்பது அங்குள்ளோர் விதி. வெண்ணிறக் கட்டிக்குப் பாதி வலிமையே உண்டு. ஆறு வந்து கலக்கும் இடத்திலும் ஊற்றுக்கண்ணின் மேலும் கட்டி மெலிந்திருக்கும். மேலே படியும் வெண்பனி கம்பளிபோல் மூடி, கட்டி தடிப்பதைத் தடுக்கும். மெலிந்த இடத்தையும் மறைக்கும். 2024 பெப்ரவரியில் வட அமெரிக்கப் பேரேரிகளில் வழக்கத்திலும் மிகக் குறைந்த பனிக்கட்டியே காணப்பட்டது. ஆகையால் சென்ற ஆண்டு இதே நாளில் நடந்தோமே என்னும் நம்பிக்கை பயன்படாது.

2016 மே 17ஆந் திகதி சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியதைக் கண்டவர் நாம். நிலத்து வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றின் பொருள் இன்று நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே புதிதாய்க் குடியேறிய நம் பிள்ளைக்கோ பனிக்கட்டியின் குறிகள் தெரியா. வேறு எவரோ நடந்த தடத்தை நம்பியே அவன் கால் வைப்பான். அவ்வூர் அனுபவசாலி ஒருவரோடன்றி அவன் ஏரியில் இறங்கலாகாது. அடிக்கடி துளையிட்டுத் தடிப்பை அளந்தே முன்னேற வேண்டும். உறவினருக்கு எழுதும்போது இதையும் எழுதுங்கள்.

கழுத்தில் இரண்டு கூரிய முளைகளைக் கயிற்றில் மாட்டிச் செல்வது அங்குள்ளோர் வழக்கம். கட்டி உடைந்து விழுந்தால், வந்த திசைக்கே திரும்பி, முளைகளைக் கட்டியிற் குத்தி, கால்களை உதைத்து மேலேற வேண்டும். ஏறியதும் எழுந்து ஓடலாகாது. உடலைப் பரப்பிப் படுத்தபடி, உறுதியான இடம் வரும்வரை உருண்டே செல்ல வேண்டும்.